அவன் எடைக்குப் போட்ட கோடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குன்வோர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மெழுகு உருகிய வாசனை வாசல்வரைக்கும் வந்தது. கராஜில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்கிய டாக்கோ ரொட்டிச் சாமான் பையைப் பனியிலேயே வைத்துவிட்டு, நேரே போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவள் புருஷன் ஹால்கைர், அவளுடைய புத்தம்புதுப் பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டின் மேலும் ஏறி நின்றுகொண்டிருந்தான். காலில் கம்பளிக் காலுறை, வாயில் பென்சில். ஆள் தொண்ணூற்றொரு கிலோ. கீழே பக்கத்து வீட்டு ஓட்மூன் மண்டி போட்டு, கட்டைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை விட்டு முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"எதுவரைக்கும் போகுது?" என்று பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான் ஹால்கைர்.

"பெருவிரலுக்கு முன்னால ஒரு ஜாண். அதோட மாட்டிக்குது."

"அங்க கோடு போடு."

பென்சிலை வாங்க நிமிர்ந்த ஓட்மூன் கதவுப் பக்கம் பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"அது என்னோடது," என்றாள் குன்வோர்.

"உன்னோடதுதான். யாரு இல்லைன்னா?" ஹால்கைர் சிரித்தான். "ஞாயித்துக்கிழமைக்கு ரெடி பண்ணி வைக்கிறேன். நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். கதவச் சாத்து, குளிர் வருது."

அவள் கதவைச் சாத்தவில்லை.

இந்தக் கட்டைகளை அவள் செவ்வாய்க்கிழமைதான் டவுனுக்குப் போய் வாங்கி வந்தாள். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் அவளே போய், அவளே பார்த்து வாங்கிய முதல் ஜோடி. அதுவரைக்கும் எல்லாம் ஹால்கைர் வாங்கியது, ஹால்கைர் மெழுகு போட்டது. அவன் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தின் மெழுகுத் தலைவர் அல்லவா? பந்தயத்துக்கு முந்தின நாள் பள்ளத்தாக்கில் பாதி ஆம்பிளைகள் இந்த கராஜில்தான் கிடப்பார்கள். இன்றைய குளிருக்கு நீல மெழுகா, ஊதாவா, பசையா என்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் இருக்கும்போது பெண்டாட்டி மெழுகுக் கட்டியைத் தொடுவாளா? தொட்டதில்லை.

கடையில் இடுன் என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயசு இருக்கும், அவளைப் பலகைமேல் நிற்க வைத்துக் காகிதம் இழுத்துப் பார்த்தாள். நாலு ஜோடி மாற்றினாள். ஐந்தாவது ஜோடியில்தான் தலையாட்டினாள்.

"இது உங்களுக்கு. ரெண்டு கால்ல நின்னா நடுப்பகுதி தரையத் தொடல, காகிதம் ஓடுது. ஒத்தக்கால்ல நின்னா அழுந்துது, காகிதம் அசையல. அப்படி அழுந்துனாதான் நடுவுல போட்ட பிடிமெழுகு பனியக் கவ்வும். எடைக்குத் தகுந்தாப்புல இல்லைன்னா நீங்க என்ன உதைச்சாலும் பின்னாலதான் வழுக்குவீங்க." அந்த நடுப்பகுதி தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் மெல்லிய கோடு போட்டுக் கொடுத்தாள். "இந்தக் கோட்டுக்கு உள்ள வழுக்குமெழுகு ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. புதுக் கட்டை, குடிச்சுடும். அப்புறம் பிடிமெழுகு நிக்காது."

பின்னாலதான் வழுக்குவீங்க. அந்த ஒரு வார்த்தை செவ்வாய்க்கிழமையிலிருந்து குன்வோர் மண்டையில் குடைந்துகொண்டிருந்தது.

ஏனென்றால் இருபத்தெட்டு வருஷமாக அவள் பின்னால் வழுக்கியவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நூர்ஹௌக் மேட்டில், ஊரே போகிற தடத்தில், இரண்டு அடி ஏறி ஒரு அடி சறுக்குவாள். கடைசியில் காலை அகட்டி மீன்முள் மாதிரித் தடம் போட்டுத்தான் மேலே போய்ச் சேருவாள். ஏழு வயசுப் பிள்ளைகள் பக்கத்தில் விசுக் விசுக்கென்று ஏறிப் போகும். மேலே ஹால்கைர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு நின்று, நாலு குடும்பத்துக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவான்: "இடுப்ப முன்னால தள்ளு! கால்ல உதையே இல்ல உனக்கு!" கால்களில் உதை இல்லையாம். வீடு வீடாகப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டுகிற நர்ஸ் அவள். எண்பது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிற கால் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இதைவிடச் செங்குத்தான மேட்டில் ஏறியிருக்கிறாள். பிறகு ஏன் வரவில்லை என்று யோசித்து, வயசாகிவிட்டது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு.

இப்போது கராஜ் கதவைப் பிடித்தபடி அவள் கேட்டாள். "கடையில போட்ட கோடு எங்க?"

"அதுவா? தின்னர் போட்டுத் தொடச்சுட்டேன். கடைக்காரப் பொண்ணு போடுற கோடு எல்லாம் கண்துடைப்பு."

"வழுக்குமெழுகு எதுவரைக்கும் போட்ட?"

"முனைக்கு முனை. புதுசு முதல் தடவை முழுசாக் குடிக்கணும். முப்பது வருஷமா இப்படித்தான் போடுறேன்." இறங்கி ஒரு கட்டையைப் புரட்டிக் காட்டினான். "சுரண்டி வச்சிருக்கேன் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு."

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதன்மேல் எந்த ஜென்மத்திலும் பிடிமெழுகு ஒட்டாது. குன்வோருக்குக் காது சூடானது. ஆனால் அவள் கேட்க வந்தது அதுவல்ல.

"ஓட்மூன், போன வாரம் உன் ஸ்கீக்குக் கோடு போட்டாரே, யார் மேல ஏறி நின்னது?"

ஓட்மூன் ஹால்கைரைப் பார்த்தான். "நான்தான்."

"உன் தம்பிக்கு?"

"அவன்தான் நின்னான். அவங்கவங்கதான் நிக்கணும், எடை பாத்துத்தானே..." பாதியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. மெதுவாக எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "அடுப்புல உருளைக்கிழங்கு வச்சிட்டு வந்தேன்." தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

"என் பழசுக்கு யார் நின்னது?" என்றாள் குன்வோர்.

"இப்ப எதுக்கு அது?"

"யார் நின்னதுன்னு கேட்டேன்."

"நான்தான் நின்னேன். நீ சமையலறையில இருந்திருப்ப, இல்ல வேலைக்குப் போயிருப்ப. ஒவ்வொரு தடவையும் உன்னக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

சமையலறையிலிருந்து கராஜுக்குப் பதினோரு அடி. ஒரு சத்தம் போட்டால் போதும். ஊரில் உள்ள தடியன்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காலுறையோடு ஏற்றி, குனிந்து காகிதம் இழுத்துப் பார்த்தவனுக்கு, பெண்டாட்டியைக் கூப்பிடுவது பெரிய பாடாக இருந்திருக்கிறது!

அவள் சுவரில் சாய்த்திருந்த தன் பழைய கட்டைகளை எடுத்துத் தரையில் போட்டாள். பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறி நின்றாள்.

"மண்டி போடு."

"குன்வோர், இதெல்லாம்..."

"மண்டி போட்டுக் காகிதத்த இழு."

அவள் குரலில் என்ன இருந்ததோ, ஹால்கைர் குனிந்தான். காகிதம் ஓடியது. அவன் போட்ட கோட்டைத் தாண்டி, இன்னும் இரண்டு ஜாண் முன்னால் போயும் நிற்கவில்லை.

"இப்ப ஒத்தக்கால்ல நிக்கிறேன். இழு."

முழு எடையையும் இடது காலில் போட்டாள். காகிதம் அப்போதும் சரசரவென்று ஓடியது. நியாயமாக அது சிக்கி நின்றிருக்க வேண்டும். அந்தக் கட்டை அவளுக்கு ஒரு நாளும் அழுந்தியதே இல்லை. தடவிய மெழுகு ஒரு நாளும் பனியைத் தொட்டதே இல்லை. இது என்ன என்று புரிந்துகொள்ள அந்தப் பள்ளத்தாக்கிலேயே அதிகம் தெரிந்த ஆள் அவள் காலடியில்தான் மண்டி போட்டிருந்தான். அவன் கழுத்து சிவந்தது.

"தரை சமமா இல்ல," என்றான்.

"என்னது?"

"இந்த கராஜ் தரை கொஞ்சம் சரிவு. அதான்."

ஒத்துக்கொண்டிருந்தால் அவள் அழுதிருப்பாள், அவ்வளவுதான். தரைமேல் பழி போட்டான் பாருங்கள், அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். விட்டத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது மகள் ஓஷிலின் ஜோடி. பதின்மூன்று வருஷத் தூசி.

குன்வோர் ஸ்டூலைப் போட்டு ஏறி அதை இறக்கினாள். கையாலேயே தூசியைத் தேய்த்தாள். பூட்ஸ் கொக்கிக்கு முன்னால் ஒரு ஜாணில் பென்சில் கோடு. பழைய கட்டையைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஜாணில் கோடு. இரண்டு ஜோடியும் ஒரே ஆளுக்குப் போட்டது மாதிரி இருந்தது. ஒரே ஆளுக்குப் போட்டதுதான்.

"அப்ப இவ நாப்பத்தாறு கிலோ," என்றாள். "குழந்தைடா அவ."

ஓஷில் சங்கத்து அணியில் இருந்தாள். பதினாலு வயசில் மாவட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் தாண்டிப் போக, மேடு முழுக்க மீன்முள் போட்டு ஏறினாள். பயிற்சியாளர் மனவுறுதி போதாது என்றார். திரும்பி வரும்போது காரில் ஹால்கைர், "எல்லாருக்கும் கால்ல உதை வராது, அம்மா மாதிரி," என்று ஆறுதல் சொன்னான்! பின்னால் உட்கார்ந்திருந்த குன்வோர் அதற்குத் தலையாட்டினாள். அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓஷில் அன்றைக்குக் கழற்றியதை மறுபடி காலில் மாட்டவே இல்லை. வளர்ந்ததும், பனியே நிற்காமல் மழை மட்டும் பெய்கிற பேர்கனுக்குக் குடிபோய்விட்டாள். ஈஸ்டருக்கு எல்லாரும் மலைக் குடிலுக்குப் போனால் அவள் மட்டும் உள்ளே உட்கார்ந்து வாஃபிள் சுட்டுக்கொண்டிருப்பாள். "எனக்குத்தான் வராதே," என்று சிரிப்பாள்.

"வெளிய போ," என்றாள் குன்வோர்.

"இது என் கராஜ்."

"போடா வெளிய!"

போனான். வெளியே பனியில் கிடந்த பையை எடுத்துப் போய், தனியாக உட்கார்ந்து டாக்கோ தின்றான்.

சனிக்கிழமை காலையில் அவள் பத்து மணிக்கே கராஜில் நுழைந்துவிட்டாள். கடைக்கு ஃபோன் போட்டு இடுனைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னாள். "முனைக்கு முனையா?" என்றது பெண். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. குன்வோர் கட்டையைப் பிடிப்பானில் இறுக்கினாள். ஹால்கைர் துடைத்த கோடுகளை மறுபடி போட வேண்டும். அதற்கு ஓட்மூனின் பெண்டாட்டி டூர்திஸ் வந்து மண்டி போட்டாள். காகிதத்தை இழுத்துக்கொண்டே, "எனக்கும் வழுக்குது தெரியுமா?" என்றாள். "எனக்கு யார் கோடு போட்டாங்கன்னு நினைக்கிற? உன் ஆள்தான். யார் ஏறி நின்னாங்க? என் ஆள்தான்." இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டூர்திஸ் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள்.

கோட்டுக்குள் தின்னர் ஊற்றித் துடைத்தாள் குன்வோர். சுரண்டினாள். உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தாள். மறுபடி தின்னர், மறுபடி உப்புத்தாள். ஹால்கைரின் கண்ணாடி மங்கி, கறுப்பு அடிப்பாகம் சொரசொரப்பாக வெளியே வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தோள் விண்விண்ணென்று வலித்தது. பிறகு அடிமெழுகைச் சூடு காட்டித் தேய்த்து, அது ஆறியதும் நீலமெழுகு. ரொட்டியில் கஞ்சன் வெண்ணெய் தடவுவது போல மெல்லிசாகத் தடவி, தக்கையால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்து, ஆறு பூச்சு.

மத்தியானம் ஹால்கைர் கதவோரம் வந்து நின்றான். கையில் இருந்த கிண்ணத்தில் சனிக்கிழமைதோறும் வைக்கிற அரிசிக் கஞ்சி ஆவி பறந்தது.

"நாளைக்கு மைனஸ் நாலு. நீலம் காணாது. ஊதா போடு."

அவள் நிமிரவில்லை.

"தக்கைய அவ்வளவு அழுத்தாத, சூடு ஏறிடும்."

"கஞ்சிய வச்சிட்டுப் போ."

"உதவி பண்ணலாம்னு..."

"இருபத்தெட்டு வருஷம் பண்ணுன. போதும்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நூர்ஹௌக் வண்டி நிறுத்தத்தில் இடமே இல்லை. குன்வோர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கட்டையை மாட்டினாள், கிளம்பினாள். சமதரையில் அது சும்மா சர்ரென்று போனது. மேடு வந்தது. வழக்கமாக அவள் சறுக்கத் தொடங்குகிற பிர்ச் மரம் வந்தது. பழக்க தோஷத்தில் காலை அகட்டப் போனவள், பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே உதைத்தாள்.

கவ்வியது.

இன்னொரு உதை. கவ்வியது. காலுக்குக் கீழே யாரோ படி வெட்டி வைத்த மாதிரி இருந்தது. ஒரு சறுக்கல் இல்லை. மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்தது, ஆனால் ஒவ்வொரு உதைக்கும் அவள் மேலே போனாள். பாதி மேட்டில் ஒரு பையனைத் தாண்டினாள். முக்கால் மேட்டில் டூர்திஸ் புருஷன் ஓட்மூனைத் தாண்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியில் போய் நின்றபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள் சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். சந்தோஷமாவது மண்ணாவது! ஒவ்வொரு உதையும் கவ்வக் கவ்வ, போன ஞாயிறு, அதற்கு முந்தின ஞாயிறு, இருபத்தெட்டு குளிர்காலத்து ஞாயிறு எல்லாம் திரண்டு வந்து அவள் முன்னால் நின்றது. இவ்வளவுதானா? இந்த மேடு இவ்வளவுதானா?

கொஞ்ச நேரத்தில் ஹால்கைர் வந்து சேர்ந்தான். அவளைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான். அவள் ஏறி வந்த தடம் நேராக இரண்டு கோடாக இருந்தது.

"இன்னிக்குப் பனி ரொம்ப நல்லா இருக்கு," என்றான். "எல்லார் கட்டையும் கவ்வுது."

குன்வோர் தடியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். அடிக்கக்கூடத் தோன்றியது.

"வழுக்குதுன்னு நான் எத்தன தடவ உன்கிட்ட சொன்னேன்?"

"சொன்ன..."

"சொன்னேன். ஒவ்வொரு வாரமும் சொன்னேன். நீ என் இடுப்பப் பாத்த, என் முழங்காலப் பாத்த, நான் மூச்சு விடுறதப் பாத்த. ஒரு நாள், ஒரே ஒரு நாள், குனிஞ்சு அந்தக் கட்டையப் பாத்தியா?"

சுற்றி நின்றவர்கள் தெர்மாஸ் மூடியைத் திருகுவதில் மும்முரமானார்கள்.

"தப்புதான்," என்றான் ஹால்கைர் கடைசியில். "உன்ன நிக்க வச்சிருக்கணும்."

"என்கிட்ட இல்ல. ஃபோன எடு. ஓஷில்கிட்டச் சொல்லு."

"இங்கயா? வீட்டுக்குப் போய்..."

"இங்க. இப்ப. பந்தயத்துல அவளக் கடைசியா வரவச்சியே, அந்த மாதிரி எல்லார் முன்னாலயும்."

அவன் கையுறையைக் கழற்றினான். குளிரில் விரல் இரண்டு தரம் தவறியது. ஒலிபெருக்கியை அவள்தான் அழுத்தினாள்.

"அப்பா? என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்ல இல்ல. பக்கத்துலதான் நிக்கிறா. நூர்ஹௌக் மேட்டுல இருக்கோம்."

"ஓ. சரி." குரல் உடனே சுருங்கியது. மலைப் பேச்சு வந்தாலே அவளுக்கு அப்படித்தான்.

"உன் பழைய ஸ்கீ இருக்குல்ல. அத... நான் கோடு போடுறப்ப உன்ன நிக்க வைக்கல. நானே ஏறி நின்னு போட்டுட்டேன். என் எடைக்கு. வாங்கினதும் அப்படித்தான் பாத்து வாங்கினேன். உனக்கு அது அழுந்தியே இருக்காது. அதான் வழுக்கியிருக்கு."

அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

"எந்த ஸ்கீ? கடைசி ஜோடியா?"

"எல்லாமே."

"மாவட்டப் பந்தயத்துக்குப் போட்டது?"

"அதுவும்."

"அப்ப என் கால்ல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. உன் கால்ல ஒரு குறையும் இல்ல."

ஓஷில், கோபம் இல்லாமல், ஏதோ தெரியாத ஆளுக்கு விவரம் சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்கு இப்ப இருபத்தேழு வயசு, அப்பா."

அதோடு சத்தம் நின்றது. ஹால்கைர் ஃபோனைக் காதில் வைத்துப் பார்த்தான், பிறகு திருப்பிப் பார்த்தான்.

"சிக்னல் போயிருச்சு போல," என்றான்.

"சிக்னல் இருக்கு," என்றாள் குன்வோர். "அவ வச்சுட்டா."